ஒரே மூச்சில் நூறு மீட்டர்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் சங்கராபுரம் பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் தேடிப் பிரயோசனம் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் பெரிய கிணற்றில்தான் இருப்பார்கள்! நீச்சல் தெரியாத வாண்டுகள் முதுகில் சுரைக்குடுக்கையோ, பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு தத்தளிக்கும். தெரிந்தவர்கள் மேட்டிலிருந்து தொபுக்கடீர் என்று குதிப்பார்கள். பிறகு ஆரம்பிக்கும் பாருங்கள், அந்தப் போட்டி! "யார் ரொம்ப நேரம் உள்ளேயே இருக்கிறது?" மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் முங்குவார்கள். கரையில் உட்கார்ந்திருப்பவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான்.

நீங்கள் எத்தனை வரை எண்ணும்வரை இருப்பீர்கள்? முப்பது? நாற்பது? அறுபது வந்துவிட்டால் பெரிய ஆள்தான்!

இதே விளையாட்டை உலகம் முழுக்கப் பெரியவர்களும் விளையாடுகிறார்கள் குட்டீஸ். காற்று உருளை எதையும் முதுகில் கட்டாமல், ஒரே ஒரு மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதுதான் போட்டி. அதில் ஒருவர் உலக சாதனை படைத்தார். சாதனைக்கு அவர் நம்பியது பெரிய தசைகளை அல்ல. நம் ஊர் யோகாவை! அவர் பெயர் ழாக் மயோல். பிரான்ஸ் நாட்டுக்காரர்.

டால்பின்தான் முதல் வாத்தியார்

மயோல் பிறந்தது 1927ஆம் ஆண்டு, சீனாவின் ஷாங்காய் நகரில். விடுமுறை விட்டால் குடும்பத்தோடு ஜப்பானுக்குப் போவார்கள். அங்கே கடற்கரையில் 'அமா' என்ற பெண்களைச் சிறுவன் மயோல் பார்த்தான். அவர்கள் மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் போய், சிப்பியும் பாசியும் எடுத்து வருகிறவர்கள். பாட்டி வயதிலும் முங்கி எழும் அமாக்கள் உண்டு. சிறுவனுக்கு வியப்பு தாங்கவில்லை.

வளர்ந்த பிறகு அமெரிக்காவின் மயாமி நகரில் இருந்த கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே க்ளவுன் என்று ஒரு பெண் டால்பின். க்ளவுன் என்றால் கோமாளி. பெயர்தான் கோமாளி, மயோலுக்கு அதுதான் ஆசிரியர். தண்ணீருக்குள் அது எப்படித் திரும்புகிறது, எப்படி அலட்டிக்கொள்ளாமல் மிதக்கிறது என்று மணிக்கணக்கில் பார்த்தார். கூடவே நீந்தினார். டால்பினும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டிதானே! அது மீன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முடிகிறது என்றால் மனிதனுக்குக் கொஞ்சமாவது முடியாதா என்ற கேள்வி அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

1966இல் பஹாமாஸ் தீவில் 60 மீட்டர் இறங்கி முதல் சாதனை படைத்தார். அப்போது வயது 39. மற்ற விளையாட்டு வீரர்கள் ஓய்வு பெற்று வீட்டில் உட்காரும் வயது அது!

மார்பு நொறுங்குமா?

இங்கே கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், தரையில் நம்மீது இருக்கும் காற்றழுத்தத்தின் அளவு ஒரு மடங்கு கூடும். 10 மீட்டரில் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. 100 மீட்டரில்? சரியாகச் சொன்னீர்கள்... 11 மடங்கு!

ஒரு பலூனை ஊதிக் கட்டி 100 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் அது பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நம் நுரையீரலும் பலூன் மாதிரிதான். ஆறு லிட்டர் காற்று இருந்தால், அது ஏறத்தாழ அரை லிட்டர் அளவுக்குச் சுருங்கும். 1960களின் தொடக்கத்தில் சில மருத்துவர்கள், "50 மீட்டருக்குக் கீழே போனால் மார்புக்கூடு நொறுங்கிவிடும்" என்று எச்சரித்தார்கள். 1961இல் இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த என்ஸோ மயோர்க்கா 50 மீட்டர் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு மேலே வந்தார். ஒன்றும் நொறுங்கவில்லை!

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது கை, கால்களில் இருக்கும் ரத்தம் மார்புப் பகுதிக்கு ஓடிவந்து, நுரையீரலைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களை நிரப்பிக்கொள்கிறது. ரத்தம் திரவம் அல்லவா, அது எளிதில் சுருங்காது. உள்ளே ஒரு மெத்தை போல இருந்து மார்பைக் காப்பாற்றுகிறது. இது மட்டுமில்லை. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டு, மூச்சும் நின்றால், இதயம் தானாகவே மெதுவாகத் துடிக்கத் தொடங்கும். திமிங்கலத்துக்கும் சீலுக்கும் இருக்கிற அதே ஏற்பாடு நமக்கும் கொஞ்சம் இருக்கிறது.

மயோர்க்காவும் மயோலும் பல வருடங்கள் போட்டியாளர்கள். இவர் ஒரு சாதனை செய்தால் அவர் அதை முறியடிப்பார். இவர்கள் கதையைத் தழுவி 1988இல் பிரான்ஸில் ஒரு சினிமாவே எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

பாயில் உட்கார்ந்த நீச்சல் வீரர்

எல்லா வீரர்களும் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? பலத்தைக் கூட்டினார்கள். நுரையீரலில் இன்னும் கொஞ்சம் காற்றை அடைக்க முடியுமா என்று பார்த்தார்கள். மயோல் வேறு பக்கம் யோசித்தார். காற்றைக் கூட்ட முடியாவிட்டால் என்ன? செலவைக் குறைக்கலாமே!

நம் அம்மா மாதக் கடைசியில் செய்கிற கணக்குதான் இது. கையில் இருக்கும் பணம் அவ்வளவுதான். அதை எத்தனை நாளைக்கு இழுப்பது என்பதில்தான் சாமர்த்தியம். உடம்பில் பிராணவாயுவை அதிகம் செலவழிப்பவை எவை? இறுகிய தசைகள், படபடக்கும் இதயம், பயப்படும் மூளை. நம் மூளையின் எடை உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் அது செலவழிக்கும் பிராணவாயுவோ ஐந்தில் ஒரு பங்கு! இவற்றை அமைதிப்படுத்த வழி தேடிய மயோல், ஜப்பானில் ஜென் தியானமும், கூடவே இந்திய யோகாவும் பயின்றார். ஆசனங்கள், பிராணாயாமம், தியானம் மூன்றும் அவருடைய தினசரிப் பயிற்சி ஆகிவிட்டன.

பிராணாயாமம் நமக்குப் புதிதா என்ன? மூச்சை இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். திருமூலரின் திருமந்திரத்தில் இதற்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால், 'யோகா செய்தால் உடம்பில் நிஜமாகவே மாற்றம் வருகிறதா? அளந்து காட்டுங்கள்' என்று விஞ்ஞானம் கேட்குமே! அதற்கும் நம் நாட்டிலேயே பதில் தேடினார்கள். சுவாமி குவலயானந்தா 1924ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் கைவல்யதாமா என்ற நிலையத்தை நிறுவி, யோகாசனம் செய்பவர்களைச் சோதனைக் கருவிகளால் ஆராய்ந்தார். 1961இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ராமானந்த யோகி என்பவரைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் உட்கார வைத்து, அவர் எவ்வளவு பிராணவாயு செலவழிக்கிறார் என்று அளந்தார்கள். சும்மா ஓய்வாக இருக்கும்போது உடம்புக்குத் தேவைப்படும் அளவைவிடவும் குறைவாக அவர் செலவழித்ததைக் கண்டு குறித்து வைத்தார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை, வருடக்கணக்கான பழக்கம்! (நீங்கள் தயவுசெய்து எந்தப் பெட்டிக்குள்ளும் ஏறி உட்கார வேண்டாம். கண்ணாமூச்சி விளையாடும்போது கூடத்தான்!)

மயோலின் பெரிய நாள் 1976 நவம்பர் 23. இத்தாலியின் எல்பா தீவு. அவருக்கு வயது 49. கயிற்றில் சறுக்கிக்கொண்டு இறங்கும் கனமான கருவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். மேலே வரக் காற்று நிரப்பிய பலூன் உதவியது. "அப்படியானால் அவர் நீந்தவே இல்லையா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்த வகைப் போட்டியில் நீந்துவது முக்கியம் இல்லை. அந்த அழுத்தத்தையும் இருட்டையும் பயப்படாமல் தாங்குவதுதான் முக்கியம்.

தஞ்சைப் பெரிய கோவில் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரம். அதைப் போல ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு, அதாவது 100 மீட்டருக்கு, ஒரே மூச்சில் போய்த் திரும்பினார் மயோல்! உலகிலேயே அதைச் செய்த முதல் மனிதர் அவர்தான். இவருடைய முக்குளிப்புகளை ஆராய்ந்த மருத்துவர்கள், ஆழத்தில் இவர் இதயம் நிமிடத்துக்கு 27 தடவை மட்டுமே துடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது உங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். எண்பது, தொண்ணூறு இருக்குமே!

ஏழு வருடம் கழித்து, 1983இல், 56 வயதில் 105 மீட்டர் போனார். தான் கற்றதையெல்லாம் புத்தகமாக எழுதினார். இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2001ஆம் ஆண்டு காலமானார்.

கடல் இல்லாத ஊர்ப் பையன்

மயோலிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் உம்பெர்த்தோ பெலிட்ஸாரி. 1965இல் இத்தாலியில் பிறந்தவர். அவருடைய ஊர் புஸ்தோ ஆர்சிஸியோ, மிலான் நகருக்குப் பக்கத்தில் உள்ளது. நம் சங்கராபுரம் மாதிரியே அந்த ஊரிலும் கடல் கிடையாது! நீச்சல் குளத்தில் ஆரம்பித்த பையன் கடலுக்குப் போய், மயோலின் நட்பைப் பெற்று, 1999இல் 150 மீட்டர் ஆழம் தொட்டார்.

2001இல் மேலும் ஒரு சாதனை. அதோடு போட்டிகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டார்! பிறகு என்ன செய்தார் தெரியுமா? ஆசிரியர் வேலையில் இறங்கிவிட்டார். மூச்சடக்கி முக்குளிப்பதைச் சொல்லித்தர அவர் தொடங்கிய பள்ளியின் பெயர் 'அப்னியா அகாடமி'. அப்னியா என்றால் கிரேக்க மொழியில் மூச்சில்லாமல் இருப்பது என்று பொருள். அவர் எழுதிய பாடப்புத்தகத்தில் நீச்சல் நுட்பங்களோடு பிராணாயாமமும் இடம் பிடித்திருக்கிறது. வயிற்றால் மூச்சு விடுவது எப்படி, தோளைத் தளர்த்துவது எப்படி என்பதெல்லாம் அங்கே பாடம். இத்தாலிக்காரர்கள் பாயைப் போட்டு உட்கார்ந்து பூரகம், ரேசகம் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள்!

சாதனை செய்தவர்கள் எல்லாருமே நல்ல ஆசிரியர்கள் ஆகிவிடுவதில்லை. தன்னால் முடிந்தது மற்றவனுக்கு ஏன் முடியவில்லை என்று எரிச்சல்படுகிறவர்கள்தான் அதிகம். இந்த விளையாட்டில் ஆசிரியர்களுக்கு இன்னொரு பெரிய பொறுப்பும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

ஏமாற்றும் மூச்சு

தண்ணீருக்குள் மூச்சு முட்டுகிறதே, ஏன்? பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். அதுதான் இல்லை! உடம்பில் கரியமில வாயு சேரச் சேர, "போதும், மூச்சு விடு" என்று மூளை அலாரம் அடிக்கிறது. பிராணவாயு குறைவதை மூளை அவ்வளவு சீக்கிரம் கவனிப்பதில்லை.

சில பிள்ளைகள் கிணற்றில் முங்குவதற்கு முன்னால் 'ஃபூ... ஃபூ...' என்று வேகமாக இருபது, முப்பது தடவை மூச்சை இழுத்து விடுவார்கள். அப்படிச் செய்தால் அதிக நேரம் உள்ளே இருக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? பிராணவாயு பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்ட மாதிரி! மூச்சு முட்டுவதே தெரியாது. சுகமாக இருக்கும். பிராணவாயு மட்டும் குறைந்துகொண்டே போகும். திடீரென்று, எந்த அறிகுறியும் இல்லாமல், மயக்கம். தரையில் மயங்கினால் உடம்பு தானாக மூச்சை இழுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் மயங்கினால் இழுப்பது தண்ணீரைத்தான். கரையில் இருப்பவர்களோ, "பாருடா, இன்னும் உள்ளேயே இருக்கான்!" என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரிலும் நடக்கும். இதனால்தான் மூச்சடக்கும் வீரர்கள் எல்லாருக்கும் முதல் பாடம் ஒன்றே: தனியாக ஒருபோதும் முங்காதே. ஒருவர் உள்ளே போனால், இன்னொருவர் கண்ணை எடுக்காமல் மேலே காத்திருக்க வேண்டும். வந்தவுடன் ஓடிவிடவும் கூடாது. அவர் நிதானமாக மூச்சு வாங்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நம் தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்கள் இதைப் பல நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குபவருக்கு ஒரு கயிறு. அதன் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். மனைவியின் தம்பி, அண்ணன் கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 'அக்கா, தங்கை வாழ்வு கெடக்கூடாது' என்று அவர் கண்ணும் கருத்துமாக இருப்பாராம்! மன்னார் வளைகுடாவின் தமிழகப் பகுதியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

விதியை மீறினால் எவ்வளவு பெரிய ஆளையும் தண்ணீர் விடாது. ரஷ்யாவின் நடாலியா மோல்ச்சனோவா 40 வயதில் இந்த விளையாட்டுக்கு வந்தவர். மொத்தம் 41 உலக சாதனைகள்! 2009இல் துடுப்புக் காலணி போட்டு, சொந்தக் கால் பலத்தால் நீந்தி 101 மீட்டர் ஆழம் தொட்டார். இப்படிச் சொந்தப் பலத்தால் நீந்தி 100 மீட்டரைத் தாண்டிய முதல் பெண் அவர்தான். 2013இல் 9 நிமிடம் 2 விநாடி மூச்சடக்கி அசையாமல் மிதந்தார். மனதை அமைதியாக்கும் பயிற்சிகளைக் கற்பிக்கும் ஆசிரியையும்கூட. 2015 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஸ்பெயின் நாட்டின் ஃபோர்மென்டேரா தீவுக்குப் பக்கத்தில் சிலருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இடையில் தாமும் ஒரு முறை முங்கினார். அவருக்கு அது சாதாரண ஆழம்தான். அவரோடு கூட முங்க அவருக்கு இணையானவர் யாரும் அங்கே இல்லை. திரும்பி வரவே இல்லை.

எனவே கோமுகி அணைப் பக்கமோ, மணிமுக்தா ஆற்றுப் பக்கமோ, கல்வராயன் மலை அருவிகளுக்கோ போகும்போது மூச்சடக்கும் போட்டி வேண்டவே வேண்டாம். நீந்துங்கள், குதியுங்கள், கூத்தடியுங்கள், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது! "எத்தனை எண்ணுவரை இருப்பாய்?" என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள்.

மண்ணீரல் ரகசியம்

இந்தோனேசியாவில் பஜாவ் என்ற கடலோடி மக்கள் இருக்கிறார்கள். பல தலைமுறைகளாகக் கடலில் முங்கி மீன் பிடிப்பவர்கள். 2018இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அருகில் தரையில் வாழும் மக்களைவிட இவர்களுடைய மண்ணீரல் சுமார் 50 சதவீதம் பெரிது என்று காட்டியது. மண்ணீரல் சிவப்பு அணுக்களைச் சேமித்து வைக்கும் உண்டியல் மாதிரி. மூச்சை அடக்கும்போது அது சுருங்கி, சேமிப்பை ரத்தத்தில் கொட்டும். முங்கவே போகாத பஜாவ்களுக்கும் மண்ணீரல் பெரிதாகவே இருந்ததாம். ஆக, அது பிறவியிலேயே வருவது. மயோலுக்கு அந்த வசதி கிடையாது. பாவம், அவர் பாயில் உட்கார்ந்துதான் சம்பாதிக்க வேண்டியிருந்தது!

அந்தச் சம்பாத்தியத்தில் ஆபத்தே இல்லாத பகுதி ஒன்று உண்டு. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், மூச்சை அடக்கவும் வேண்டாம். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிறு முன்னே வரவேண்டும். மார்பும் தோளும் தூக்கக் கூடாது. நான்கு எண்ணும்வரை இழுங்கள். ஆறு எண்ணும்வரை விடுங்கள். இடையில் நிறுத்த வேண்டாம். தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

தொடங்குவதற்கு முன், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தம்பியையோ தங்கையையோ எண்ணச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் இருபதை ஒட்டி இருக்கும். நீங்கள் எண்ணினால் உங்களை அறியாமலே மூச்சு மாறிவிடும். அதனால்தான் எண்ணுவதற்கு இன்னொருவர். ஐந்து நிமிடம் இப்படிச் செய்துவிட்டு, மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.